ஒரு பிடி அரிசியும் ஒரு பி.வி.சி. குழாயும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்பட்டுள்ளது.)



நம் சங்கச் செயலாளர் போனில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ மின்சாரத் துறையிலே இருக்கே, சோலாரைப் பத்திப் பேசு, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். "அண்ணே, பறவைகளைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பேசு. ஆனா இருபது நிமிஷத்துக்கு மேல போனா சாப்பாடு ஆறிப் போயிடும்" என்றார். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

எனக்குப் பறவை பார்க்கிற பைத்தியம் பிடித்தது இந்தக் கல்லூரியில்தான். முதலாம் ஆண்டு, புரட்டாசி கடைசி என்று ஞாபகம். காலையில் பல் தேய்க்கப் போனால் விடுதி வராந்தாவில் ஒரு குருவி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் போனாலும் பறக்கவில்லை. முதுகு பச்சை, வயிறு சந்தன நிறம், வாலடியில் குங்குமச் சிவப்பு, தோளில் ஒரு துண்டு நீலம், கண்ணுக்கு மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. யாரோ சாயம் பூசிவிட்ட கோழிக்குஞ்சு என்றுதான் நினைத்தோம். நம்ம பசங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஒருவன் மெஸ்ஸில் இருந்து சோறு கொண்டு வந்தான், இன்னொருவன் பிஸ்கட்டைப் பொடி செய்து வைத்தான், மூன்றாமவன் பாட்டில் மூடியில் பால் ஊற்றினான். குருவி எதையும் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் பேராசிரியர் ஒருவர் வந்தார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறார். "அது சோறு தின்கிற ஜாதி இல்லப்பா. பூச்சியும் புழுவும் தின்கிறது. இமயமலை அடிவாரத்துப் பக்கம் இருந்து ராத்திரியெல்லாம் பறந்து வந்திருக்கும். அதுக்கு இப்போ வேண்டியது உங்க பிஸ்கட் இல்லே. இருட்டும் அமைதியும்தான்" என்றார். ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே துணி விரித்து, சாயங்காலம் வரை வைத்திருந்து, மலைப்பக்கமாகத் திறந்துவிட்டோம். கற்றாழை வேலிக்குள் குதித்துப் போயே போய்விட்டது.

அதன் பெயர் தோட்டக்கள்ளன். ஆறுமணிக் குருவி என்றும் சொல்வார்கள். காலை ஆறு, மாலை ஆறு என்று விடியும்போதும் இருட்டும்போதும் கூப்பிடும். பெயர் வைத்தவன் பெரிய ஆள். அதற்குப் பிறகு அந்தப் பேராசிரியரிடம் பைனாகுலரை இரவல் வாங்குவது என் வழக்கமாகிவிட்டது. படிப்பில் ஒரு பேப்பர் அரியர் விழுந்ததற்கும் அந்தப் பைனாகுலருக்கும் சம்பந்தம் உண்டு என்று என் தந்தையார் கடைசிவரை நம்பினார்.

வெள்ளைக்காரன் புத்தகத்தில் இலையுதிர் காலத்தில் பறவைகள் தெற்கே போகும் என்று போட்டிருக்கும். நமக்கு அந்த மாதிரி இலையுதிர் காலம் ஏது? இங்கே வேம்பு இலை கொட்டுவது தை மாசியில். அவன் ஊரில் இலை உதிரும்போது நமக்கு மழை பிறக்கிறது. அதுதான் விசேஷமே. அங்கே குளிரும் இருட்டும் வரும்போது, இங்கே வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பி, புல்லை முளைக்கவைத்து, பூச்சியைப் பெருக்கி வைத்திருக்கிறது. ஆவணி முடியும் முன்பே அய்யனார் கோயில் ஓடையில் சாம்பல் வாலாட்டி வந்து பாறைக்குப் பாறை வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். சோளக்காட்டுக்குக் கூட்டம் கூட்டமாகச் சோளப்பட்சி வந்துவிடும். நாம் சாதாரணமாகச் சொல்கிற சோளப்பட்சி கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரிக்கிற பறவை. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்களில் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் இறங்கும். கூந்தன்குளத்துக்குப் போனால் இமயமலையையே தாண்டி வருகிற வரித்தலை வாத்தைப் பார்க்கலாம். 1988-இல் சாம்பல் அணிலுக்காகச் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆன மலை நம் மேற்கு ஜன்னலில் தெரிகிறது. தம்பிகளா, உங்கள் விடுதி மொட்டை மாடி எவ்வளவு விலைமதிப்புள்ள இடம் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்கும் படிக்கிற காலத்தில் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பறவை பார்க்க ஆரம்பித்த எல்லோருக்கும் அடுத்து ஒரு ஆசை வரும். கிட்டே வரவழைத்துப் பார்க்க வேண்டும். கிட்டே வர வேண்டுமென்றால் ஏதாவது போட வேண்டும். அந்த ஆசையால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

என் ஊர் செட்டியார்பட்டி. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், தளவாய்புரத்தை ஒட்டிய பேரூராட்சி. எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடும், நைட்டி தைப்பார்கள். எங்கள் வீட்டிலும் நாலு மிஷின் இருந்தது. அப்பா காலையில் மிஷின் அறையைத் திறப்பதற்கு முன் மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி அரிசி வைப்பார். முதலில் காக்கை, அணில், மைனாவுக்குத்தான் வைத்தார். 2018 வாக்கில் கிளிகள் வர ஆரம்பித்தன. அதற்கு ஒரு காரணம் சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுது பார்க்கும் ஜோசப் சேகர். உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தன் வீட்டு மாடிக்கு வந்த இரண்டொரு கிளிகளுக்கு அரிசி வைக்க ஆரம்பித்தவர். அது ஆயிரக்கணக்கில் பெருகி, பலகைகளை வரிசையாகக் கட்டி, ஊறவைத்த அரிசியை நாளுக்கு இரண்டு வேளை பரப்புகிற அளவுக்கு ஆனது. சம்பாத்தியத்தில் பெரும்பங்கை அதற்கே செலவழித்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அதை அப்பா டி.வி.யில் பார்த்துவிட்டார். "அந்த மனுஷன் ஆயிரம் கிளிக்குப் போடுறாரு, நம்ம நாலு கிளிக்குப் போடக் கூடாதா?" என்று ஊறவைத்த அரிசிக்கு மாறினார்.

எங்கள் பக்கத்தில் கிளி என்றால் சும்மா பறவை இல்லை. பத்து மைல் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் தினமும் புதிதாகக் கட்டிய இலைக்கிளி உட்காருகிறது. மாதுளம்பூவில் மூக்கும், மரவள்ளி இலையில் உடம்புமாக, பார்த்தால் பறந்துவிடும் போல இருக்கும். அம்மா ஆண்டாள் பக்தை. மாடிக்குக் கிளி வந்தது அம்மாவுக்கு அனுக்கிரகமாகவே பட்டது.

2021 புரட்டாசியில் அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடிகாலையில் மாடியில் ஒரே கூச்சல். அறுபது கிளி இருக்கும். அம்மா முழங்கால் வலியோடு படியேறி அரிசியை வைத்துவிட்டு, கீழே வந்து என்னிடம் சொன்னார், "உங்கப்பா இருக்கிற மாதிரியே இருக்கு ராசா."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு, தினமும் அம்மா படியேறுவதை என்னால் தாங்க முடியவில்லை. நான் பொறியாளன் ஆயிற்றே! நாலு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்று, பழைய இரும்புக் கடையில் வாங்கிய கார் வைப்பர் மோட்டார், ஒரு டைமர், கீழே பெரிய தகரத் தட்டு, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. காலை ஆறு மணிக்கும் மாலை நாலரைக்கும் மோட்டார் சுற்றும், நொய்யரிசியும் உடைத்த மக்காச்சோளமும் தட்டில் கொட்டும். ஒரு தடவை நிரப்பினால் ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை. எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. வீடியோ எடுத்து நம் பேட்ச் வாட்ஸப் குழுவில் போட்டேன். முந்நூறு பேர் கைதட்டினீர்கள். உங்களில் நாலு பேர் வரைபடம் கேட்டு வாங்கினீர்கள். அவர்கள் இந்த உரையைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

ஒரே வருடத்தில் அறுபது கிளி முந்நூறைத் தாண்டிவிட்டது. கூடவே புறா வந்தது. புறா வந்தால் போகாது. நாளுக்கு அரைக் கிலோ போட்ட இடத்தில் ஆறு கிலோ ஆகியது. அப்பா காலத்தில் பறவைகள் பத்து நிமிடம் தின்றுவிட்டுப் போய்விடும். இப்போது மணிக்கணக்காக வயரிலும் வேப்பமரத்திலும் தென்னையிலும் காத்துக் கிடந்தன. காத்துக் கிடக்கிற கிளி சும்மா இருக்குமா? எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பிஞ்சை. முறைக்கு எனக்கு மாமா ஆக வேண்டியவர் அதில் மக்காச்சோளம் போட்டிருந்தார். கிளி ஒரு கதிரை முழுதாகத் தின்றால்கூடப் பரவாயில்லை. நாலு கடி கடித்துவிட்டு அடுத்த கதிருக்குப் போய்விடும். ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமா வாசலில் வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "மாப்ளே, நீ மாடியிலே போடுறது சிற்றுண்டிதான். மத்தியானச் சாப்பாடு என் காட்டுலே நடக்குது. ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் புண்ணியம் பண்றோம். உன் பேரு மட்டும் வெளியிலே தெரியுது."

எனக்கு அன்றைக்குத் தீபாவளிப் பலகாரம் இறங்கவில்லை. ஆனாலும் மிஷினை நிறுத்தவில்லை. ஏன் என்றால் அம்மா.

அடுத்த அடி 2023 ஐப்பசியில் விழுந்தது. அந்த வருடம் நல்ல மழை. நான் வேலையில் வெளியூரில் இருந்தேன். டைமர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்து தட்டு நனைகிறது, பழைய தானியம் ஊறிப் புளிக்கிறது, அதன்மேல் புதுத் தானியம் கொட்டுகிறது, எச்சமும் சேர்கிறது. அப்பாவாக இருந்தால் மழையன்று போடவே மாட்டார். போட்டாலும் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் போடுவார். மோட்டாருக்கு அது எங்கே தெரியும்? கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் "ஓப்பன் லூப்" என்று படித்தோம் அல்லவா? விளைவைப் பார்க்காமல் உத்தரவை மட்டும் நிறைவேற்றிக்கொண்டே போகிற அமைப்பு. அதில்தான் எனக்கு அரியர் விழுந்தது என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அம்மா போனில், "புறா ஒண்ணு குந்தியே கிடக்கு, உடம்பை உப்பிக்கிட்டு, வாயிலே நூல் மாதிரி வடியுது" என்றார். சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது மாடியில் ஏழு புறாவும் நாலு மணிப்புறாவும் செத்துக் கிடந்தன. கால்நடை மருத்துவர் ஒருவர் ஒரு புறாவின் வாயைத் திறந்து காட்டினார். தொண்டையில் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போல அடைத்திருந்தது. ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒரு செல் உயிரி உண்டாக்குகிற நோய். புறா இனத்தில் ரொம்பப் பழைய நோய்தான். நோயுற்ற பறவைக்கு விழுங்க முடியாது. எடுத்த தானியத்தை எச்சிலோடு திரும்பத் தட்டிலேயே போடும். ஈரமான தானியத்திலும் தண்ணீரிலும் அந்தக் கிருமி உயிரோடு இருக்கும். அடுத்த பறவை அதைக் கொத்தும். காட்டில் நூறு இடத்தில் பிரிந்து தின்கிற பறவைகளை நான் ஒரே தட்டுக்கு அழைத்து, ஒரே எச்சிலைப் பரிமாறியிருக்கிறேன்.

இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான், இது செட்டியார்பட்டியில் மட்டும் நடந்த கதை இல்லை என்று தெரிந்தது. இங்கிலாந்தில் தோட்டத்தில் தீவனத் தட்டு வைப்பது ஒரு தேசியப் பழக்கம். அங்கே 2005 முதல் இதே கிருமி பச்சைப் பிஞ்சு என்ற சிறு குருவியைத் தாக்கி, தெருவுக்குத் தெரு இருந்த அந்தப் பறவை 2021-இல் ஆபத்துக்குரிய சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 1994-இல் வீட்டுப் பிஞ்சு என்ற குருவிக்குக் கண்நோய் வந்தது. அதுவும் தீவனத் தட்டு வழியாகவே பரவியது. அன்போடு வைத்த தட்டுகள்தான் எல்லாம்.

மும்பையில் நடந்ததையும் பார்த்திருப்பீர்கள். புறாவுக்குத் தானியம் போடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக இருந்த கபூதர்கானாக்கள் ஐம்பத்தொன்றை மூடச் சொல்லி 2025 ஜூலையில் உத்தரவு வந்தது. புறா எச்சத்தின் தூசியால் நுரையீரல் கெடுகிறது என்பது காரணம். தாதரில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பக்தர்கள் வந்து தார்ப்பாயைக் கிழித்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் வரை போனது. அந்தச் செய்தியைப் படித்தபோது, அந்தப் பக்தர்களை என்னால் பரிகாசம் செய்ய முடியவில்லை. தார்ப்பாய்க்கு முன்னால் நின்று அழுத பெண்களில் என் அம்மா முகம்தான் தெரிந்தது.

ராஜஸ்தானில் பலோடி பக்கத்தில் கீச்சன் என்று ஒரு கிராமம். 1970-களில் ரத்தன்லால் மாலு என்பவர் அங்கே புறாவுக்குத் தானியம் போட ஆரம்பித்தார். இலையுதிர் காலத்தில் மங்கோலியா பக்கமிருந்து வரும் குர்ஜா என்ற சாம்பல் நிறக் கொக்குகளும் வந்து சேர்ந்துகொண்டன. இன்று ஆவணி கடைசியில் இருந்து பங்குனி வரை பல்லாயிரம் கொக்குகள். வேலி போட்ட தனி மைதானம், ஊரே சேர்ந்து தானியம் கொடுக்கிறது. 2025-இல் கீச்சன் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. இதைவிட அழகான காட்சி இந்தியாவில் குறைவு என்கிறார்கள் போய் வந்தவர்கள். ஆனால் என் தொழில் புத்தி வேறொன்றைப் பார்க்கிறது. அத்தனை பெரிய பறவைகளை ஒரே ஊருக்கு அழைத்தால், அந்த ஊரைச் சுற்றிப் போகிற மின்கம்பிகள் எல்லாம் கத்தியாகிவிடும். கொக்கு முன்னால் இருப்பதைவிடக் கீழே இருப்பதைப் பார்த்துக்கொண்டு பறக்கிற பறவை. கம்பியில் மோதிச் செத்தவை ஏராளம். நோய் பயமும் உண்டு. 2021 நவம்பரில் ஜோத்பூர் பக்கம் ஒரு நீர்நிலையில் பறவைக் காய்ச்சல் வந்து இருநூறுக்கு மேல் குர்ஜாக்கள் இறந்தன. அது கீச்சனில் இல்லை. ஆனால் கூட்டம் கூடுகிற எந்த இடத்துக்கும் அது வர அதிக நேரம் பிடிக்காது.

கீச்சன்காரர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர்கள் ஐம்பது வருடமாக ஊராகச் சேர்ந்து பொறுப்பாகச் செய்கிறார்கள். நான் ஒரு மோட்டாரிடம் பொறுப்பைக் கொடுத்தவன்.

இன்னொரு கிராமத்தைச் சொல்கிறேன், இது நமக்குப் பக்கத்தில். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் என்றால் தெரியும், 1977-இல் அறிவித்தது. ஐப்பசி மழைக்கு அங்கே கண்மாய்க் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் கூடு கட்டி அடைகாக்கும். சரியாக அதே நேரம்தான் தீபாவளி. அந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. கல்யாணம், திருவிழா எதற்கும் வெடிப்பதில்லை. நாடு முழுக்கப் பட்டாசு அனுப்புகிற சிவகாசி இருப்பது நம் மாவட்டத்தில். இங்கே இருந்து சில மணி நேரப் பயணத்தில், தீபாவளியன்று ஒரு ஓலைவெடிகூட வெடிக்காத ஊர். அந்தக் குழந்தைகள் கேட்காமலா இருப்பார்கள்? கேட்பார்கள். பெரியவர்கள் இல்லை என்கிறார்கள். பறவைக்கு அந்த ஊர் ஒரு மணி அரிசி போடவில்லை. மரத்தை வெட்டவில்லை, தண்ணீரைக் கெடுக்கவில்லை, சத்தம் போடவில்லை. மீனும் நத்தையும் பறவைகளே தேடிக்கொள்கின்றன.

அதற்காக, பறவைக்கு மனிதன் கையால் எதையுமே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கூந்தன்குளத்தில் பால்பாண்டி என்பவர் கூட்டில் இருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்து, பறக்க வந்ததும் விட்டுவிடுவார். அது வைத்தியம். ஆளும் பறவையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நடக்கிற காரியம், குஞ்சு பறந்ததும் முடிந்துவிடுகிற காரியம். விடுதி வராந்தாவில் அந்தத் தோட்டக்கள்ளனுக்கு நாங்கள் அட்டைப்பெட்டி கொடுத்தோமே, அதுவும் அப்படித்தான். என் மிஷினுக்கோ முடிவு என்ற ஒன்றே கிடையாது. எனக்கு நாளைக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தால் முந்நூறு கிளி என்ன செய்யும்? 2020 ஊரடங்கில் ஊர் ஊராகப் பார்த்தோமே, போடுகிற கை நின்றதும் கோயில் வாசல் புறாவும் சுற்றுலா இடத்துக் குரங்கும் பட்ட பாட்டை.

வீட்டுக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைக் கழற்றினேன். தட்டையும் தொட்டியையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். நோய் கண்டால் குறைந்தது இரண்டு வாரமாவது தீவனத்தை அடியோடு நிறுத்தி, கூட்டம் கலைய விட வேண்டும் என்பது விதி. நிறுத்துவதற்கு ஐப்பசியைவிட நல்ல மாதமும் இல்லை. வெளியில் புல் விதை கட்டியிருக்கும், பூச்சி இருக்கும், ஆல், அத்தி, வேலிக் கொடி எல்லாம் காய்த்திருக்கும். கோடையில் நிறுத்தியிருந்தால் எனக்கே பயமாக இருந்திருக்கும்.

பறவைகள் விஷயம் சுலபமாக முடிந்தது. அம்மா விஷயம் அப்படி இல்லை. மறுநாள் ஆறு மணிக்கு முந்நூறு கிளியும் வயரில் வரிசையாக உட்கார்ந்து கத்தின. அம்மா கீழே நடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். "கதவைத் தட்டுற மாதிரி கத்துது, திறக்காமே உக்காந்திருக்கேன். உங்கப்பா கேட்டா நான் என்னடா சொல்ல?" என்றார். அன்றைக்கும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. நான் நோயைப் பற்றிச் சொன்னேன், செத்த புறாக்களைச் சொன்னேன், மாமாவின் சோளத்தைச் சொன்னேன். "எல்லாம் சரிதான். நீ சொல்றதெல்லாம் சரிதான்" என்றார். அப்படி ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் அம்மாவோ மனைவியோ உள்ள எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள் பாதிக் கூட்டம் வரவில்லை. பத்தாம் நாள் இருபது கிளி வந்தது, பார்த்தது, போனது. ஒன்றும் பட்டினி கிடந்து சாகவில்லை. மலையடிவாரத் தோப்புகளிலும் காட்டிலும் பரவிவிட்டன. மாமாவின் சேதம் பாதி குறைந்தது என்று அவரே சொன்னார். மீதிப் பாதிக்கு அவர் இன்னும் என்னைத்தான் பார்க்கிறார்!

கொல்லையில் ஒரு மொட்டைத் தென்னை நின்றது. இடி விழுந்து கொண்டை போனது. வெட்டிவிட ஆள் சொல்லியிருந்தோம். அதில் மரங்கொத்தி போட்ட பொந்து இருந்ததால், வேண்டாம், நிற்கட்டும் என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கிளி தானாக மரத்தைக் குடைந்து வீடு கட்டுவது அபூர்வம். பட்ட மரத்துப் பொந்துதான் அதற்கு வீடு. நாம் பட்ட மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு, கிளிக்கு அரிசி போட்டுக்கொண்டிருக்கிறோம். 2024 மாசியில் ஒரு ஜோடி வந்து அந்தப் பொந்துக்குள் மாறி மாறித் தலையை விட்டுப் பார்த்தது. அந்த வருடம் தங்கவில்லை. அடுத்த வருடம் தங்கியது. அம்மாவிடம் காட்டினேன். "ரெண்டுதானா?" என்றார்.

அம்மா மாடி ஏறுவதை முழுவதும் நிறுத்திவிட்டார். ஆனால் தினமும் சாப்பிடும் முன்பு சமையலறை ஜன்னல் திண்டில் ஒரு உருண்டைச் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிடுகிறார். அமாவாசை என்றால் வடையும் உண்டு. மகாளய அமாவாசைக்கு நானும் வைக்கிறேன். காக்கை வந்து எடுத்தபிறகுதான் இலை போடுவார்கள். ஐந்து நிமிடத்தில் காலியாகிவிடும், திண்டைத் துடைத்துவிடுவார்கள். அதில் நான் தலையிடுவதில்லை. மாடியை நிறுத்தச் சொன்னது சரி என்று என் படிப்பு சொல்கிறது. அந்த இரண்டு நாள் அம்மா பேசாமல் இருந்ததை நினைத்தால், இன்னும் கொஞ்சம் நிதானமாக, அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு செய்திருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. உங்கள் கேண்டீன் வாசலில் மைனாவுக்கு மிக்சரும் சிப்சும் போடுவதை இன்று காலையும் பார்த்தேன். உப்பும் எண்ணெயும் அதற்கு ஆகாது. தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். அய்யனார் கோயில் பாதையில் பைக்கை நிறுத்திக் குரங்குக்குப் பிஸ்கட் போடுகிறவர்கள், திரும்பி வரும்போது ரோட்டோரத்தில் அடிபட்டுக் கிடப்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள். கோடையில் தண்ணீர் வைக்கிறீர்களா, தாராளமாக வையுங்கள். மண்சட்டியில், நிழலில், தினமும் கழுவி வையுங்கள். கழுவ நேரமில்லாதவர்கள் வைக்க வேண்டாம். என் குழாய் வரைபடத்தை வாங்கிய நால்வரில் இரண்டு பேர் கழற்றிவிட்டதாகச் சொன்னார்கள். மற்ற இருவர் சாப்பாட்டு நேரத்தில் என்னை வந்து பார்க்கவும்.

நாளை காலை ஐந்தே முக்காலுக்கு விடுதி வாசலில் இருந்து கண்மாய்க்கரை வரை நடக்கலாம் என்று இருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் கற்றாழை வேலிப் பக்கம் தோட்டக்கள்ளன் குரல் கேட்டது. பைனாகுலர் என்னிடம் இரண்டு இருக்கிறது, பேராசிரியர் தன்னுடையதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரவல்தான், திருப்பித் தர வேண்டும். வருகிறவர்கள் சிவப்புச் சட்டை போடாமல் வரவும். கையில் பிஸ்கட் பாக்கெட்டும் வேண்டாம். ஏழரைக்குத் திரும்பியதும் எனக்கு யாராவது ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் போதும்.